கழுவிய பிறகு

"வலிதான் போயிடுச்சே டாக்டரம்மா, இன்னும் கேப் வேற எதுக்கு?"

மயிலாடுதுறையில் பல் மருத்துவம் பார்க்கிறேன். வேர் சிகிச்சை என் சிறப்புப் படிப்பு. அதைச் செய்துகொண்டு நாற்காலியை விட்டு இறங்குபவர்கள் இப்படிக் கேட்காமல் போவது அபூர்வம். செலவை நினைத்துக் கேட்பவர்கள் உண்டு, இன்னொரு நாள் வேலையை விட்டு வர முடியாமல் கேட்பவர்கள் உண்டு. ஆனால் காசும் நேரமும் மட்டும் அந்தக் கேள்விக்குள் இல்லை என்று எனக்குப் படுகிறது. உள்ளே இருந்த அழுக்கை எடுத்தாயிற்று, பல் சுத்தமாகிவிட்டது, அப்புறம் மேலே ஒரு மூடி எதற்கு? சமயத்திலும் இதையேதான் நம்மவர்கள் நூற்றாண்டுக் கணக்காகக் கேட்டுவருகிறார்கள். மனம் தூய்மையாகிவிட்டால் கோயில் எதற்கு, திருநீறு எதற்கு, பூசை எதற்கு?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பல் வேறு, ஆன்மா வேறு. ஆனால் முதல் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததெல்லாம் இரண்டாவது கேள்வியை நான் பார்க்கும் விதத்தை மாற்றியிருக்கிறது. எப்படி மாற்றியது என்பதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

முதலில் உள்ளே நடப்பதைச் சொல்ல வேண்டும். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொள்வோம். ஆறு வயதில் முளைத்து, வாயிலேயே அதிக உழைப்பு உழைத்து, பெரும்பாலும் முதலில் சொத்தையாகும் பல் அதுதான். சொத்தை எனாமலைத் தாண்டி, டென்டினைத் தாண்டி, நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள பற்கூழை எட்டிவிட்டால் ராத்தூக்கம் போய்விடும். அந்தப் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பைக் கட்டி எச்சில் படாமல் தனிமைப்படுத்துகிறோம். மேலே துளையிட்டு, மயிரிழை போன்ற வேர்க்குழாய்களுக்குள் கம்பிகளை இறக்குகிறோம். 15-ஆம் எண் கம்பியின் நுனி 0.15 மில்லிமீட்டர். சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற திரவத்தால் திரும்பத் திரும்பக் கழுவுகிறோம். அறை முழுக்க பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும். திரவம் உள்ளே போனதும் பொங்கிக் கலங்கி வரும், போகப் போகத் தெளியும். தெளிந்து காய்ந்தபின் கட்டாபெர்ச்சா என்ற ரோஜா நிறக் குச்சிகளைப் பசையோடு வைத்து அடைக்கிறோம். குழாயின் வாயில் மிஞ்சி நிற்கும் குச்சியைச் சுட்ட கருவியால் துண்டிக்கும்போது மெல்லிய புகை எழும். எக்ஸ்ரே எடுத்தால் வேரின் நுனிக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் வந்து நிற்கும் அழகான வெள்ளைக் கோடு தெரியும்.

அந்தக் கோட்டின் மேல் எங்களுக்கு ஒரு காதலே உண்டு. வேர் சிகிச்சை மருத்துவர்கள் கூடுமிடங்களில் காட்டப்படும் படங்களெல்லாம் அதுதான்: வளைந்த வேருக்குள் வளைந்து போகும் கோடு, பக்கக் கிளையில் எட்டிப்பார்க்கும் கோடு. யாருக்கும் தெரியாத இருட்டுக்குள் செய்த வேலைக்கு அந்தக் கோடுதான் சாட்சி. சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதி, வேர் சிகிச்சை தோற்றால் காரணத்தை வேரின் நுனியில்தான் தேடினார்கள். அடைப்பு குட்டையா, நீளமா, இடைவெளி விட்டதா? பல்லின் மேற்பகுதியில் என்ன நடந்தது என்பது வேறொருவரின் வேலை என்றே இருந்தது.

1995-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரே, டிரோப் என்ற இருவர் வேர் சிகிச்சை செய்யப்பட்ட 1010 பற்களின் எக்ஸ்ரேக்களை எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு கேள்விகள். வேர் அடைப்பு நன்றாக இருக்கிறதா? மேல் அடைப்பு நன்றாக இருக்கிறதா? பிறகு வேர் நுனியைச் சுற்றியுள்ள எலும்பு ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். இரண்டும் நன்றாக இருந்த பற்களில் 91.4 சதவீதத்தில் எலும்பு நலமாக இருந்தது. இரண்டும் மோசமான பற்களில் 18.1 சதவீதம். இதில் யாருக்கும் வியப்பில்லை. நடுவில் இருந்த இரண்டு எண்கள்தான் துறையையே உலுக்கின. வேர் அடைப்பு நன்றாக இருந்து மேல் அடைப்பு மோசமானபோது 44.1 சதவீதம். வேர் அடைப்பு மோசமாக இருந்து மேல் அடைப்பு நன்றாக இருந்தபோது 67.6 சதவீதம்.

உள்ளே சரியாகச் செய்து வெளியே கோட்டைவிட்டவரைவிட, உள்ளே கோட்டைவிட்டு வெளியே சரியாக மூடியவருக்கு நல்ல பலன் என்றால் என்ன அர்த்தம்? முதுகலை படிக்கும்போது இந்தக் கட்டுரையை முதன்முதலாக வாசித்த இரவு எனக்கு நினைவுக்கு வந்தவர் என் அப்பா.

அப்பா சித்தர் சிவவாக்கியரின் பாடல்களைத் தலைகீழாக ஒப்பிப்பவர். கோயிலுக்குள் போகமாட்டார். அவர் நாத்திகர் இல்லை. கடவுளைப் பற்றி அவர் பேசி நான் கேட்ட அளவுக்கு வேறு யார் பேசியும் கேட்டதில்லை. உள்ளம் சுத்தமானால் அதுதான் கோயில், அதற்குமேல் கட்டுவதெல்லாம் மனிதன் மனிதனை ஏய்க்கக் கட்டியது என்பது அவர் கட்சி. அம்மா பிரதோஷம் தவறாதவர். மாயூரநாதர் கோயிலில் அம்மாவோடு நான் பிராகாரம் சுற்றும்போது அப்பா வெளியே தேரடியில் உட்கார்ந்திருப்பார். நான் வளர வளர மனத்தால் அப்பா பக்கம் போனேன். உள்ளே நடப்பதுதான் உண்மை, வெளியே தெரிவதெல்லாம் தோற்றம். படிக்கிற பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். அறிவாளியாக உணரவைக்கும் கொள்கை அது.

அந்த 44.1 அந்தக் கொள்கையைத் தொட்டது.

ஆனால் ஒரு கட்டுரையை நம்பி மதம் மாறக் கூடாது. 2000-இல் நார்வேயில் டிரான்ஸ்டாடும் அவர் குழுவும் 1001 பற்களை அதே முறையில் பார்த்தார்கள். இரண்டும் நன்றாக இருந்தால் 81 சதவீதம். வேர் மட்டும் நன்று என்றால் 71. மேல் மட்டும் நன்று என்றால் 56. இரண்டும் மோசம் என்றால் 57. கடைசி இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். உள்ளே மோசமாக இருந்தபோது மேல் மூடி எவ்வளவு நன்றாக இருந்தும் ஒரு பயனும் தரவில்லை. 2003-இல் ரிக்குச்சி, பெர்கென்ஹோல்ட்ஸ் இருவரும், மேல் அடைப்பு விழுந்து மாதக் கணக்கில் வாயில் திறந்து கிடந்த வேர்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ஒழுங்காகச் சுத்தம் செய்து அடைக்கப்பட்ட குழாய்களில் கிருமிகள் நினைத்த அளவுக்கு இறங்கவில்லை. அப்பா பக்கத்துக்கு இது வலுவான சாட்சி. 2011-இல் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடைபோட்ட கில்லன் குழு, இரண்டில் எது பெரிது என்று சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்தால்தான் குணம் என்று முடித்தது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு, பட்டிமன்ற நடுவர் மாதிரி இருபக்கமும் சரி என்று எழுந்து போய்விடலாம். எனக்கு அது போதவில்லை. ஏன் இரண்டும் வேண்டும் என்பதுதான் கேள்வி. உள்ளே உண்மையிலேயே சுத்தமாகிவிட்டது என்றால், கிருமி எங்கிருந்து வருகிறது?

இரண்டு வழியாக வருகிறது. ஒன்று மேலிருந்து. 1993-இல் கயத் என்பவரும் மற்றவர்களும், வேர் அடைத்த பற்களை மேலே மூடாமல் மனித எச்சில் படும்படி ஆய்வகத்தில் வைத்தார்கள். 30 நாட்களுக்குள் எல்லாப் பற்களிலும் கிருமி முழு நீளத்துக்கும் ஊடுருவிவிட்டது. வாய்க்குள் இவ்வளவு வேகமாக நடக்காது என்பதைத்தான் மேலே சொன்ன 2003 ஆய்வு காட்டுகிறது. ஆனாலும் திசை அதுதான்.

இரண்டாவது வழி என்னை அதிகமாக யோசிக்க வைத்தது. கிருமி வெளியே இருந்து வரவே வேண்டியதில்லை, உள்ளேயே இருக்கிறது. குழாய்ச் சுவரின் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான பரப்பை நாம் இறக்கும் கம்பி தொடுவதே இல்லை என்று 2001-இல் நுண் சி.டி. ஸ்கேன் வைத்து அளந்து காட்டினார்கள். இரண்டு குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய பிளவுகள், பக்கக் கிளைகள், டென்டினின் நுண்துளைகள் எல்லாம் கம்பிக்கு எட்டாதவை. 2005-இல் நாயரும் உடன் ஆய்வாளர்களும் கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர்களை முறைப்படி சுத்தம் செய்து, கழுவி, அடைத்து, உடனேயே நுனியை வெட்டியெடுத்துப் பார்த்தார்கள். 16-இல் 14-இல் கிருமி மிச்சம் இருந்தது. இத்தனைக்கும் அது திறமையான கைகள் செய்த சிகிச்சை.

ஆக, வேர் சிகிச்சை வெற்றி பெறும்போது நடப்பது ஒழிப்பு இல்லை. மிச்சமிருப்பவை அடைக்கப்பட்டுப் பட்டினி கிடக்கின்றன. அவை பெருகுவதற்கு வேண்டியது ஈரமும் உணவும். பற்கூழ் போய்விட்ட குழாயில் ரத்த ஓட்டம் இல்லை. ரத்தம் இல்லாத இடத்துக்கு உடலின் காவல் அணுக்கள் வர வழியில்லை. அந்த இடத்தை உடல் கைவிட்டுவிட்டது என்றே சொல்லலாம். மேல் அடைப்பில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடுக்கு இருந்தால் எச்சில் கசியும், எச்சிலோடு உணவு இறங்கும், உறங்கியது விழித்துக்கொள்ளும். மூடி வெளியே இருந்து வருபவரை மட்டும் தடுக்கவில்லை. உள்ளே இருப்பவரை உறங்க வைக்கிறது.

இதைப் புரிந்துகொண்ட காலத்தில்தான் நான் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போக ஆரம்பித்திருந்தேன். எங்கள் பக்கத்தில் அது எளிது. திருவாவடுதுறையும் தருமபுரமும் பக்கத்திலேயே இருக்கின்றன. அம்மா ஆசைப்பட்டார், துணைக்குப் போனேன். போன இடத்தில் ஆணவ மலத்தைப் பற்றிச் சொன்னார்கள். செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டு. அதுபோல் உயிர் உள்ள அன்றே ஆணவமும் உண்டு. அதற்குத் தொடக்கம் இல்லை. இதுவரை நான் கேள்விப்பட்டிருந்தேன். அடுத்து ஆசிரியர் சொன்னதுதான் புதிது. ஆணவம் அழிவதும் இல்லை. முத்தி பெற்ற உயிரிடத்திலும் அது இருக்கிறது. அதன் சக்தி மடங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

வகுப்பில் யாருக்கும் இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நான் மட்டும் அந்த 16-இல் 14 வேர்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதத்தில் மொத்தம் 12 நூற்பாக்கள். உலகம், உயிர், கட்டு, விடுதலை என்று ஒவ்வொன்றாக நிறுவிக்கொண்டு போய், பதினோராவதில் உயிர் இறைவனின் திருவடியை அடைந்துவிடுகிறது. நூல் அங்கேயே முடிந்திருக்கலாம். அப்பா மாதிரி ஒருவர் எழுதியிருந்தால் முடித்திருப்பார். ஆனால் பன்னிரண்டாவது ஒன்று இருக்கிறது. மாசைக் கழுவிவிட்ட ஒருவர் அதன்பின் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது: அன்பரோடு சேர்ந்திரு, அடியாரின் வேடத்தையும் ஆலயத்தையும் சிவன் என்றே தொழு. திருவடி சேர்ந்தவனுக்கு ஆலயம் எதற்கு என்பதற்கு உரைமரபு தரும் காரணம் எளியது. உடல் இருக்கும்வரை பழைய பழக்கத்தின் வாசனை தாக்கிக்கொண்டே இருக்கும். சற்று அயர்ந்தால் மீண்டும் பற்றிக்கொள்ளும்.

இந்த இடத்தில் கோயில் வேறொன்றாகிவிடுகிறது. நான் அதுவரை கோயிலை, உள்ளே போகத் தெரியாதவர்களுக்கான முதல் படி என்றுதான் நினைத்திருந்தேன். ஞானம் வந்தால் படியை விட்டுவிடலாம் என்று. மெய்கண்டார் அதைக் கடைசியில் வைத்திருக்கிறார். சுத்தமானவனுக்கே காப்பு வேண்டும் என்கிறார். தூய்மை என்பது ஒருநாள் அடைந்து கையில் வைத்துக்கொள்ளும் பொருளாக இருந்தால் காப்பு வேண்டாம். அழியாத மாசு மடங்கிக் கிடக்கும் நிலைதான் தூய்மை என்றால், மடக்கிவைக்கும் ஒன்று வெளியே இருந்தே ஆக வேண்டும். ஓர் ஒழுங்கு, ஒரு கூட்டம், நேரம் தவறாத ஒரு விளக்கு.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா உடனே நந்தனாரைக் கொண்டுவந்தார்.

அது எதிர்பார்த்ததுதான். திருப்புன்கூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்துக்கொண்டிருந்த நந்தனார் வாசலில் நின்றுதான் கும்பிட முடிந்தது. நந்தி விலகிக் காட்சி கிடைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. "அவனை விடவா சுத்தமான மனசு? அவனுக்கு உன் மூடியைக் கொடுத்தார்களா? தில்லையில் நெருப்புக்குள் இறங்கியல்லவா உள்ளே போக வேண்டியிருந்தது?" என்று அப்பா கேட்டார். காப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதன் சாவியை நாலு பேர் இடுப்பில் செருகிக்கொண்டால், அது வேண்டவே வேண்டாம் என்று சித்தர்கள் சீறியதில் என்ன தவறு என்றார். நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதில் எனக்குத் தெரியவந்தது என் கிளினிக்கில்.

தையல் வேலை செய்யும் ஒரு பெண் வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். வேறோர் ஊரில் செய்துகொண்ட வேர் சிகிச்சை. தாடையின் வெளிப்பக்கம் வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்ததும் செய்தவர் யாராக இருந்தாலும் அவர் கைக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றியது. மூன்று குழாய்களிலும் நுனிவரை குறையில்லாத வெள்ளைக் கோடு. ஆனால் பின்வேரின் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்து கறுப்பாகத் தெரிந்தது.

"கேப் போடச் சொல்லலையாம்மா?"

"சொன்னாங்க மேடம். சீட்டு எடுத்ததும் வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். சீட்டுப் பணம் பிள்ளை ஃபீசுக்குப் போயிடுச்சு. வலியும் இல்ல. அப்படியே விட்டுட்டேன்."

மேலே இருந்தது தற்காலிகச் சிமெண்ட். சில வாரங்களுக்கென்று வைப்பது. பாதிக்கு மேல் கரைந்து போயிருந்தது. அதை எடுத்ததும் கீழே ஒரு பஞ்சு உருண்டை. வைத்தபோது வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது பழுப்பாக நைந்து, இடுக்கியில் பிடித்து இழுத்தபோது நூலாக வந்தது. அந்த நாற்றத்தைப் பல் மருத்துவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பஞ்சுக்குக் கீழே ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய கட்டாபெர்ச்சாவின் தலை கறுத்திருந்தது. குழி அறையைத் துடைத்துச் சாயம் வைத்துப் பார்த்தபோது தரையின் குறுக்கே ஒரு நீலக் கோடு ஓடியது. முன்னிருந்து பின்வரை விரிசல். மூடப்படாத கடைவாய்ப் பல்லில் கடித்துக் கடித்து அது பிளந்துகொண்டிருந்தது. மறுசிகிச்சைக்கு வழியில்லை. எடுக்க வேண்டியதாயிற்று.

வேர் சிகிச்சை செய்தால் பல் உலர்ந்து நொறுங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது அவ்வளவு சரியில்லை. 1989-இல் ரீ என்பவரும் உடனிருந்தவர்களும் அளந்தபோது, வேர் சிகிச்சைக்கான துளை மட்டும் பல்லின் விறைப்பில் 5 சதவீதத்தைத்தான் குறைத்தது. பல்லின் இரு பக்கச் சுவர்களும் போய் முன்பின் திறந்த குழியானால் 63 சதவீதம் போய்விடுகிறது. வேர் சிகிச்சைக்கு வரும் பல் பெரும்பாலும் சொத்தையில் சுவர் இழந்துதான் வருகிறது. முனைகளை மேலிருந்து மூடிப் பிடிக்க ஏதாவது இல்லாவிட்டால் மெல்லும் ஒவ்வொரு முறையும் அது அகலப் பார்க்கும். 2002-இல் அக்குவிலினோ, கேப்லன் இருவரும் கண்டது, கேப் போடாத பற்கள் கேப் போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் பறிபோயின என்று. 2004-இல் அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து 14 லட்சத்துக்கும் அதிகமான பற்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் 97 சதவீதம் வாயில் இருந்தன. பிடுங்கப்பட்டவற்றில் 85 சதவீதத்துக்கு முழு மூடி இல்லை. அது காப்பீடு உள்ளவர்களின் ஊர். அந்தத் தையல்காரப் பெண்ணுக்குச் சீட்டுத்தான் காப்பீடு.

இங்கேதான் அப்பாவின் நந்தனார் வந்து நிற்கிறார். உள்ளிருப்பதைக் கழுவுவதற்கு ஒரு விலை, மூடுவதற்குத் தனி விலை என்று பிரித்துவைத்திருக்கிறது எங்கள் தொழில். முதல் விலையை வலி கொடுக்க வைத்துவிடும். இரண்டாவது விலையை யாரும் கேட்டு வாங்க முடியாது, அப்போது வலி இல்லை. மூடி அவசியம் என்று ஒருவர் சொல்வாரானால், அது எல்லோருக்கும் எட்டும்படி செய்யும் கடமையும் அவர் தலையில் ஏறிவிடுகிறது. இல்லாவிட்டால் அவசியம் என்று சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. கோயிலுக்கும் இதையேதான் சொல்வேன். சித்தர்கள் காப்பை மறுத்தார்களா, காப்பின் பேரால் போட்ட பூட்டை மறுத்தார்களா என்று அப்பாவிடம் கேட்டேன். இரண்டையும்தான் என்றார்.

என் கிளினிக்கில் இப்போது இரண்டுக்கும் சேர்த்து ஒரே தொகை. சிகிச்சை தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். அந்தத் தொகை முடியாதவர்களுக்கு, வேரை அடைக்கும் அன்றே குழாய் வாய்களைக் கிளாஸ் அயனோமரால் மூடி, பலமிழந்த முனைகளைச் சற்றுக் குறைத்து, காம்போசிட்டால் முழுவதும் போர்த்திவிடுகிறேன். செராமிக் கேப்புக்கு ஈடாகாதுதான். ஆனால் பஞ்சும் தற்காலிகச் சிமெண்டும் மட்டும் வைத்து யாரையும் மாதக் கணக்கில் அலையவிடுவதில்லை. ஈறுக்கு மேல் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் நல்ல பல் சுற்றிலும் இல்லை, கேப் பிடித்து நிற்க இடமில்லை என்றால் வேரையே தொடுவதில்லை. மூட முடியாத ஒன்றைக் கழுவுவதாகச் சொல்லிக் காசு வாங்குவது சரியென்று எனக்குப் படவில்லை.

மறுபக்கத்தையும் விடக் கூடாது. கண்ணாடி போல் மின்னும் சிர்கோனியா கேப் போட்டுக்கொண்டு, ஈறில் சீழ்க் கொப்புளத்தோடு வருபவர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் வாயிலேயே அழகான பல் அதுதான். துளைத்து உள்ளே போனால் ஒரு குழாயைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். மேல்தாடை முதல் கடைவாயின் முன்வேரில் இரண்டாவது குழாய் ஒன்று பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அதைத் தேடாமல் மூடியிருப்பார்கள். அங்கே மூடி எதையும் காக்கவில்லை. அழுகலைப் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறது. டிரான்ஸ்டாடின் 56-உம் 57-உம் சொல்வது இதைத்தான். உள்ளே ஒன்றுமே செய்யாமல் திருநீறு மட்டும் பட்டையாக அணிகிறவரைப் பற்றி அப்பா சொல்வதெல்லாம் இந்தப் பல்லுக்கு வரிக்கு வரி பொருந்தும். மெய்கண்டாரும் பன்னிரண்டாம் நூற்பாவை முதல் நூற்பாவாக வைக்கவில்லை.

வெற்றி என்றால் என்ன என்பதிலும் எங்கள் துறையில் சண்டை உண்டு. 1956-இல் ஸ்வீடனின் ஸ்ட்ரிண்ட்பெர்க் கண்டிப்பான அளவுகோல் ஒன்றை வைத்தார்: வலி இல்லாதிருப்பது போதாது, எக்ஸ்ரேயில் வேர் நுனி எலும்பு முழுவதும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், அதற்குச் சில ஆண்டுகள் காத்திருந்து பார்க்க வேண்டும். காப்பீட்டுப் பதிவை வைத்துக் கணக்கிடுபவர்களுக்குப் பல் வாயில் இருந்தாலே வெற்றி. நான் ஸ்ட்ரிண்ட்பெர்க் பக்கம். வலி நின்றதை விடுதலை என்று எடுத்துக்கொண்டதால்தான் அந்தப் பெண் பல்லை இழந்தார். சமயத்திலும், ஓர் அனுபவம், ஒரு கண்ணீர், மனம் லேசான ஒரு மாலை, இவை வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களைப் பார்க்கிறேன். வந்தது பொய் இல்லை. அதற்குப் பின் எத்தனை ஆண்டு அது நிற்கிறது என்று பார்க்க யாரும் காத்திருப்பதில்லை.

கேப்பும் நிரந்தரம் இல்லை. ஒட்டிய சிமெண்ட் விளிம்பில் கரையும், ஈறு இறங்கினால் கேப்புக்குக் கீழே வேர் வெளிப்படும், அங்கே புதிய சொத்தை பிடிக்கும். பற்கூழ் இல்லாத பல் கூசாது, அதனால் எச்சரிக்கவும் செய்யாது. எனவே ஆண்டுக்கு ஒருமுறை வரச் சொல்கிறேன். கூர்முனைக் கருவியை கேப்பின் விளிம்பில் சுற்றிலும் ஓட்டிப் பார்க்கிறேன். எங்காவது சிக்கினால் அங்கே ஓர் இடுக்கு. பிறகு ஓர் எக்ஸ்ரே. நன்றாக இருந்தால் கட்டணம் வாங்குவதில்லை, அது முதலில் வாங்கியதற்குள் அடக்கம். "ஒண்ணுமே இல்லையே, எதுக்கு வரச் சொன்னீங்க?" என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். ஒன்றும் இல்லாமல் இருப்பதை உறுதி செய்யத்தான் வரச் சொன்னேன் என்கிறேன். அடுத்த ஆண்டும் வருகிறார்கள், கூடவே பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு.